உன்னிடம் நான் தராத பேட்

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ புனேயிலிருந்து பேசியபோது, கல்யாண மண்டபம், அச்சாகி வந்த பத்திரிகை, உன் கோட்டுக்கு அளவு என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாய். "அம்மா, ஆபீஸ்ல டேபிள் டென்னிஸ் டேபிள் போட்டிருக்காங்க. திரும்ப ஆட ஆரம்பிச்சிருக்கேன். எந்த பேட் வாங்கலாம்னு நீயே சொல்லேன். உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்." அடுப்பில் குக்கர் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. 'உனக்குத்தான் தெரியும்' என்று உன் வாயால் கேட்பதற்காக ஒரு காலத்தில் நான் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன். செய்தும் இருக்கிறேன். எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத அந்தக் காரியத்தை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கல்லூரி டீமில் ஆடியதால்தான் எனக்கு டெலிபோன் ஆபீஸ் வேலையே கிடைத்தது என்பது உனக்குத் தெரியும். சமையல், தையல், பாட்டு எதிலும் என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அந்த ஒன்பதடி மேஜைக்கு முன்னால் மட்டும்தான் நான் ஒரு ஆள். உனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று குரோம்பேட்டையில் எங்கள் ஆபீஸ் கிளப்புக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். உன் முதல் பேட்டை நான்தான் வாங்கினேன். மெல்லிய ரப்பர், மெதுவான மரம். பந்து எங்கே போகிறது என்று உன் கைக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அப்படித் தேடி வாங்கினேன். பேட் வாங்கும் விஷயத்தில் உனக்கு நான் முழு மனதோடு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நான் மட்டும்தான் நின்றேன். உன் அப்பா கிண்டி பாக்டரியிலிருந்து வருவதற்குள் நாம் ஆடி முடித்து, எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துத் தாம்பரம் வந்துவிடுவோம். ட்ரெயினில் அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாய். அந்தப் பேச்சில் வேறு யார் பெயரும் இருக்காது.

பதினாறு வயதில் நீ என்னை முதல் தடவை ஜெயித்தாய். இருபத்தொன்றுக்குப் பதினெட்டு. பேட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாய். நான் சிரித்தேன், உன் தோளைத் தட்டினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன். மணிக்கட்டு வலி என்று சொல்லிப் பத்து நாள் கிளப்புக்கு வரவில்லை, நினைவிருக்கிறதா? நீகூட ஆயின்மென்ட் வாங்கி வந்து தேய்த்துவிட்டாய். மணிக்கட்டில் வலி எதுவும் இல்லை. பெற்ற பிள்ளை ஜெயித்தால் அம்மா பூரித்துப் போவாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பூரித்துத்தான் போனேன். ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பொறாமை என்றுதான் பெயர். வேறு நல்ல பெயராக நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பந்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். இருபத்தொரு பாயிண்ட் ஆட்டத்தைப் பதினொன்றாகக் குறைத்தார்கள். நான் பொறுமையாக ஆடுகிறவள். பத்து பாயிண்ட் பின்தங்கியிருந்தாலும் எதிராளியைச் சலிக்க வைத்துத் திரும்பப் பிடித்துவிடுவேன். புதுக் கணக்கில் எனக்கு உடம்பு சூடாவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சரியாக அப்போது பார்த்து வேலூரிலிருந்து மாற்றலாகி எங்கள் செக்ஷனுக்கு யாஸ்மின் வந்து சேர்ந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. பல்லாவரத்தில் அவள் அண்ணன் செருப்பு சோல் கடை வைத்திருந்தார். முதல் வாரமே கிளப்புக்கு வந்து, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, என்னை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்தாள். பந்து மேஜை விளிம்பில் பட்டுப் போன ஒவ்வொரு தடவையும், "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்றாள். அந்த ஸாரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம் ஆபீஸ் பெண்கள் டீம் லிஸ்ட் வந்தது. பதினாலு வருஷம் என் பெயர் இருந்த முதல் இடத்தில் அவள் பெயர் இருந்தது. என் பெயர் ரிசர்வில் இருந்தது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ அப்போது இன்ஜினியரிங் முதல் வருஷம். ஒரு சாயங்காலம் உன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "உன் பேட்டக் குடு, பார்க்கலாம்" என்று வாங்கினாள். பந்தை ரப்பர் மேல் அழுத்தி இழுத்தாள். அது கண்ணாடியில் இழுப்பது போல வழுக்கிக்கொண்டு போனது.

"ரப்பர் செத்துப் போச்சுடா. நீ ஸ்பின் போடக் கையத் தூக்கற, பேட் உனக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது. இத வச்சிக்கிட்டா அம்மாவ ஜெயிச்ச?"

"அப்ப வேகமா ஒண்ணு வாங்கணுமாக்கா?" என்று கேட்டாய்.

"அய்யய்யோ, வேகம் வேணவே வேணாம். உன் ஸ்ட்ரோக் இன்னும் செட் ஆகல. அஞ்சு அடுக்கு மரம், ரப்பருக்கு அடியில நடுத்தர ஸ்பாஞ்ச், நல்லாப் பிடிக்கிற ரப்பர். அது போதும். பந்து பேட்ல ஒரு செகண்ட் உட்கார்ந்துட்டுப் போகணும். வேகம் உன் கையிலேர்ந்து வரட்டும். பேட்டு வேகமா இருந்தா கை சோம்பேறி ஆயிடும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. முன்னேறிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரனுக்கு அதற்கு மேல் நல்ல யோசனை கிடையாது. நானே ஆறு மாதத்துக்கு முன் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ என் கையை மீறி வளர்ந்துவிட்டாய் என்பதைப் பார்க்க விரும்பாததால் ரப்பர் செத்ததையும் பார்க்காமல் இருந்தேன். அன்றைக்கு ட்ரெயினில் நீ வாய் ஓயாமல் பேசினாய். யாஸ்மின் அக்கா இப்படிச் சொன்னாங்க, யாஸ்மின் அக்கா சர்வீஸ் போடும்போது கட்டைவிரலை இப்படி வச்சிக்கறாங்க. சாப்பாட்டிலும் அதே பேச்சு. "யாருடா அந்தப் பொண்ணு, ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் உன் அப்பா. நான் சாம்பார்க் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமையே மவுண்ட் ரோடு பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். நான் கை காட்டிய பேட்டை எடுத்துக் கொடுக்காமல், "பையன் எவ்ளோ வருஷமா ஆடறான் மேடம்? இது கார்பன் வச்சது. தொட்டாலே பறக்கும். இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே" என்றார். "இருக்கறதுலயே வேகமானது இதுதானே? இதையே குடுங்க" என்றேன். அவர் சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். அவர் யாஸ்மின் சொன்னதையே சொன்னார், அதனால்தான் கேட்கவில்லை. அவள் சொன்ன பேட்டை நான் வாங்கித் தந்தால் அது அவளுடைய பேட். அதற்கு நேர்மாறாக ஒன்றைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தால்தான் அது என்னுடையதாக இருக்கும் என்று புத்தி வேலை செய்தது. உறையைப் பிரித்துப் பார்த்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அன்று சாப்பாட்டில் யாஸ்மின் பெயர் வரவில்லை.

பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ தொட்ட பந்தெல்லாம் மேஜையைத் தாண்டிப் பறந்தது. பந்து வெளியே போகிறதே என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாய். கையை இழுக்க இழுக்க ஸ்ட்ரோக்கே மறந்து போனது. கிளப்பைப் பார்த்துக்கொண்ட முனுசாமி என்னிடமே வந்து கேட்டார். "இன்னா மேடம், தம்பிக்கு பந்து டேபிள்லயே உழ மாட்டேங்குது? நல்லா ஆடிகினு இருந்த புள்ள." பழகினால் சரியாகிவிடும் என்றேன். காலேஜ் டீம் செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஆபீஸில் யாஸ்மின் ஒரு பழுப்புக் கவரோடு என் மேஜைக்கு வந்தாள். உனக்குப் பிராக்டிகல்ஸ் நடந்ததால் அந்த வாரம் நீ கிளப்புக்கு வரவில்லை. "அக்கா, இதச் சரவணன்ட்டக் குடுத்துடுங்க. நான் செஞ்சி தரேன்னு சொல்லியிருந்தேன். அண்ணன் கடையில உட்கார்ந்து நானே ரப்பர் வெட்டி ஒட்டினேன். இன்னும் பத்து நாள் இருக்கு, பழகிடுவான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த கார்பன் பேட்ட யாரு வாங்கித் தந்தாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். யாரா இருந்தாலும் அவன் ஆட்டத்தக் கெடுத்துட்டாங்கக்கா" என்றாள். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவாவது என்னைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவள் நகர்ந்ததும் கவரைப் பிரித்துப் பார்த்தேன். விளிம்பு சீராக வெட்டியிருந்தாள். கைப்பிடியில் உன் விரல் அளவுக்கு ஏற்ற மாதிரி மரத்தை லேசாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். என் பிள்ளையின் விரலை இவள் எப்போது பார்த்தாள்? மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, "யாஸ்மின் அக்கா எதாவது குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டாய். "இல்லையேப்பா. மறந்திருப்பா. அவளுக்கு ஆயிரம் வேலை" என்றேன். மறுநாள் அவள் கேட்டாள், "பேட் பிடிச்சிருக்காக்கா அவனுக்கு?" என்று. "குடுத்தேன்மா. பார்த்தான். கார்பன் பேட்டையே வச்சிக்கறேன்னு சொல்லிட்டான்" என்றேன். அவள் முகம் சட்டென்று சின்னதாகிப் போனது. "சரிக்கா. அவனுக்கு எது வசதியோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது உன்னிடம் செல்போன் கிடையாது. அந்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள என்னைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு பேருமே ரோஷக்காரர்கள். பிறகு பார்த்தாலும் ஒருவரை ஒருவர் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் பொய் சொன்னேன்.

செலக்‌ஷன் அன்று அரை நாள் லீவு போட்டு உன் காலேஜுக்கு வந்தேன். வாராவாரம் நீ ஜெயிக்கிற பையனிடம் மூன்று ஆட்டமும் தோற்றாய். கடைசிப் பந்து மேஜையைத் தொடாமலே பின்சுவரில் போய் மோதியது. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவன், முடிச்சூர் ரோடு திரும்பும்போது சொன்னாய், "எனக்குக் கை வராதும்மா. உன்ன மாதிரி எனக்கெல்லாம் வராது." அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சரவணா. நீ கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருக்கும்போது, 'உன்ன மாதிரி' என்ற வார்த்தை எனக்கு இனித்தது. நான் செய்ததை எல்லாம் மன்னித்தாலும் இதை நீ மன்னிக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த பேட் என்னைப் பார்த்தது. ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய் கிளப்பில் எல்லோரும் எடுத்து ஆடுகிற பேட்டுகள் கிடக்கும் பெட்டியில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் வீட்டுச் சாவி வாங்க நீ கிளப்புக்கு வந்தாய். சும்மா பெட்டியில் கையை விட்டு, கைக்குக் கிடைத்த பேட்டை எடுத்து முனுசாமியோடு ஆட ஆரம்பித்தாய். பெட்டியில் இருந்த பதினைந்து பேட்டில் உன் கைக்கு அதுதான் கிடைத்தது. அரை மணி நேரம் ஆடினாய். அப்படி ஒரு ஆட்டத்தை நான் உன்னிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். வேர்த்து வழிய ஓடி வந்து, "அம்மா, இது யாருது? பந்து பேட்ல நிக்குதும்மா!" என்றாய்.

"ஆபீஸ் பேட். வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது."

கைக்குட்டையால் ரப்பரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாய். அதோடு நீ கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாய்.

ஒரு வருஷம் கழித்து யாஸ்மின் கல்யாணப் பத்திரிகையோடு நம் வீட்டுக்கு வந்தாள். நீ அறைக்குள் இருந்தாய். நான் வந்து கூப்பிட்டபோது, "தலைவலின்னு சொல்லிடும்மா. சொன்னதச் செய்யாதவங்க கல்யாணத்துக்கெல்லாம் நான் எதுக்கு?" என்றாய். அவள் காபியை மெதுவாகக் குடித்துக்கொண்டு, மூடியிருந்த உன் அறைக் கதவையே இரண்டு மூன்று தடவை பார்த்தாள். "நல்லா படிக்கச் சொல்லுங்கக்கா" என்று எழுந்து போனாள். வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு துபாய் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அதுவும் உண்மைதான்.

உன் போனை வைத்த பிறகு மூன்று நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஆபீஸில் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் விசாரித்ததில், யாஸ்மின் திரும்பி வந்து இரண்டு வருஷமாக மேடவாக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. புதன்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். அடுக்குமாடி வாசலில் தண்ணி லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகர்கிற வரைக்கும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கதவைத் திறந்தவள், "அக்கா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு டீ போடப் போனவளை நிறுத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

அவள் அழவில்லை. பெருந்தன்மையாக எதுவும் சொல்லவும் இல்லை. கோபத்தில் அவள் மூக்கு சிவந்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

"அந்த பேட்டக் கிளப் பொட்டியில பார்த்தேங்க்கா. அவன் தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். நான் என்ன தப்பு பண்ணேன், ஏன் மூஞ்சிகூடக் காட்ட மாட்டேங்கறான்னு எவ்ளோ நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? எனக்குத் தம்பி கிடையாது. அவன அப்படி நெனச்சிட்டு இருந்தேன். நீங்க டீம்ல இடம் போச்சுன்னு என்கிட்டச் சண்ட போட்டிருந்தா நான் விட்டுக் குடுத்திருப்பேன். அவன ஏன் நடுவுல இழுத்தீங்க?"

"மன்னிச்சிடு" என்றேன். "இப்ப முடியல. அப்புறம் பார்க்கலாம்" என்றாள். பத்திரிகையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "இத நீங்க குடுக்காதீங்க. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சு, அவனா வந்து குடுத்தா வாங்கிக்கறேன்." கிளம்பும்போது, உனக்கு எந்த பேட் வாங்கலாம் என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டது எனக்கே அபத்தமாக இருந்தது. ஆனால் அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அவன் இப்ப எப்படி ஆடறான்னு பார்க்காம எப்படிச் சொல்றது?"

பேட்டைப் பற்றி இதற்கு மேல் எனக்கும் தெரியாது. இருந்தாலும் நீ கேட்டதற்குச் சொல்கிறேன். எட்டு வருஷம் விட்டுப்போன கைக்குக் கார்பன் வேண்டாம். வெறும் மரம், நடுத்தர ஸ்பாஞ்ச் போதும். தினமும் ஆடி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து வை. விலை அதிகம் என்பதற்காக எதையும் வாங்காதே. முக்கியமாக, உன் ஆட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒருவரிடம் காட்டிக் கேட்டு வாங்கு. அந்த ஒரு தகுதி அப்போது எனக்கு இல்லை. இப்போது வந்துவிட்டது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். நாளைக்கு உன் மனைவி உனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்து, அது நான் எடுத்ததைவிட உனக்குப் பொருந்திவிட்டால் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கண்டும் காணாமல் இருக்காதே. "அம்மா, போதும்" என்று சொல். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து யாரிடமும் எதையும் மறைக்காதே. அதை நீ ஒரு தடவை செய்தாய், நான் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை.

அடுத்த வாரம் நீ லீவில் வரும்போது மேடவாக்கம் போய்விட்டு வா. முகவரியை இதோடு தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நான் கூட வர மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வீர்கள், எதற்குச் சிரிப்பீர்கள், என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருப்பேன். பொறாமையாகத்தான் இருக்கும். நீ அவசரப்பட்டுத் திரும்பி வராதே.

அம்மா